இடது சுண்டுவிரல்

வண்ணாரப்பேட்டை பைபாஸ் ஓரத்து ஆஸ்பத்திரியில்
காப்பீட்டுக் கவுண்டர் என்னுடையது.
கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.
முகங்களைத் திரை மறைத்துவிடும்;
ஆறு வருஷமாகக் கைகளைத்தான் தெரியும் எனக்கு.

புதன்கிழமை ஒன்பதே காலுக்கு ஜெபசிங் சார்.
பெருமாள்புரம் வீடு, பெங்களூரில் மகன்.
மகனை வேலைக்கு எடுத்த கம்பெனி
அப்பாவின் பித்தப்பைக்கும் சேர்த்துக்
கையெழுத்துப் போட்டிருக்கிறது.
அட்டைகூட இல்லை, போனில் ஒரு படம்.
அவருக்கும் கேள்வி வந்தது, சும்மா சொல்லக்கூடாது:
இந்தக் கல் பாலிசிக்கு முந்தியதா, பிந்தியதா?
கல்லுக்கு யார் ஜாதகம் எழுதி வைத்தார்கள்?
டாக்டர் இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தார்.
சார் காப்பியை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள்
அனுமதி.

பத்தரைக்கு முப்பிடாதி.
பாப்பாக்குடிக்கும் மேற்கே, காலையில் ஒரே பஸ் வரும் ஊர்.
அதே பித்தப்பை, அதே கல்.
ஸ்கேன்படி சாருடையதைவிட
ஒரு மில்லிமீட்டர் சின்னது.
மஞ்சப்பைக்குள் பாலிதீன் கவர்,
கவருக்குள் ரேஷன் கார்டு நகல்,
நகலுக்குள் மடித்த கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் அரசாங்க அட்டை.

'ரேகை வையுங்கம்மா.'
வைத்தாள்.
பொருந்தவில்லை என்றது எந்திரம்.
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பொருந்தவில்லை.
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்,
எல்லாம் கூழாங்கல்போல வழுவழுவென்று.
முப்பது வருஷம், நாளுக்கு ஆயிரம் பீடி.
'ரேகையெல்லாம் எந்த ஊர்ல
எவன் வாயில பொகஞ்சு போச்சோ, தாயி'
என்று சிரித்தாள். வலியில் வளைந்து சிரித்தாள்.
வரிசையில் பின்னால் நின்றவர் கடிகாரம் பார்த்தார்.

பத்தாவதாக இடது சுண்டுவிரல்.
பச்சை விளக்கு.
பீடி சுற்றும்போது சும்மா நீட்டிக்கொண்டிருக்குமே,
அந்த விரல்.
'வேல செய்யாத வெரலத்தான் நம்புமா
ஒங்க மிசினு?'

பிறகும் நிலுவை.
படுக்கையில் படுத்தபடி ஒரு போட்டோ வேண்டும்,
அந்தப் போட்டோவில் தேதி வேண்டும்,
தேதி மங்கல், மறுபடி எடு.
வியாழன் சாயங்காலம் வந்தது அனுமதி.
அதுவரை மருமகள் ஆவுடைத்தாய்
சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில்
சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றினாள்.
புகையிலை வாசனை என்று வாட்ச்மேன் விரட்ட,
கேட்டுக்கு வெளியே போய்ச் சுற்றினாள்.

என் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்.
நான் ஏஜென்சி மூலம் வந்தவள்;
ஆஸ்பத்திரியின் குரூப் பாலிசி நிரந்தரக்காரர்களுக்கு.
அரசாங்க அட்டைக்கு எழுதிப் போட்டேன்,
வருமானம் வரம்பைத் தாண்டுகிறதாம்,
வருஷத்துக்கு எண்ணூறு ரூபாய்.
வருகைப்பதிவு எந்திரம் மட்டும்
விரலை வைத்த நிமிஷமே என்னை ஒத்துக்கொள்கிறது.

சனிக்கிழமை இரண்டு பேரும் டிஸ்சார்ஜ்.
இரண்டு பில்லிலும் நோயாளி கட்டவேண்டியது
பூஜ்ஜியம் என்று நான்தான் அடித்தேன்.
ஜெபசிங் சாரின் பூஜ்ஜியம்
போர்ட்டிகோவில் காத்திருந்த காரில் ஏறிப்போனது.
முப்பிடாதியின் பூஜ்ஜியத்துக்குள்
முதலில் வெளியே எடுத்த ஸ்கேன்,
நான்கு நாள் டீயும் இட்லியும்,
சுற்றாமல் போன நாலாயிரம் பீடி,
இலை காய்ந்துபோச்சு என்று
கான்டிராக்டர் பிடிக்கப்போகும் காசு.

போகும்முன் அந்தக் கை மறுபடி ஓட்டைக்குள் வந்தது.
கசங்கிய பஸ் டிக்கெட், ஆறோ ஏழோ.
'இத எதுல சேக்கணும் தாயி?'

திரையில் மேலும் கீழும் தேடினேன்.
தேடுவதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன் என்பதே சரி.
வாங்கி, அவள் கோப்பின் கடைசித் தாளில்
ஒவ்வொன்றாகப் பின் அடித்து வைத்தேன்.

தணிக்கைக்கு இரண்டுமுறை போய் வந்துவிட்டது கோப்பு.
அந்தத் தாளைப் பற்றி
ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.